பேர் வெட்டிய கார் விளக்கு

புளி போட்டுத் தேய்த்த பித்தளையின் வாசம் கையை விட்டு லேசில் போகாது. 1972-ல் என் அக்கா உமையாளின் கல்யாணத்துக்கு முந்தின வாரம், சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அதே வாசம்தான். குடம், தவலை, தூக்கு, அண்டா என்று சீர்ச் சாமான்கள் எங்கள் காரைக்குடி வீட்டு உள்முற்றமான வளவு முழுக்க விரிப்பில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே ஒரு கார் விளக்கும் காய்ந்தது. அதை அங்கே வைத்த மகராசி நான்தான், வயது பத்து.

அந்த விளக்கின் அருமையைச் சொன்னால்தான் என் குற்றத்தின் கனம் விளங்கும். அப்பாவை நாங்கள் அப்பச்சி என்றுதான் கூப்பிடுவோம். அப்பச்சியிடம் அவருடைய அப்பா வாங்கிய 1926-ஆம் வருஷத்துக் கார் ஒன்று இருந்தது. சென்னையில் பழைய கார்களுக்கு நடக்கும் போட்டியில் அதற்கு முதல் கோப்பை வாங்கிவிட வேண்டும் என்பது அப்பச்சியின் ஆசை. ஆசை என்ன, பித்து. அங்கே வரும் நடுவர்கள் பளபளப்புக்கு மயங்குகிறவர்கள் இல்லை, புதிதாக மாட்டிய சாமான் ஒவ்வொன்றும் வண்டி பிறந்த வருஷத்தைச் சேர்ந்ததா என்று குனிந்து முத்திரையைப் படித்து மார்க் போடுகிறவர்கள். "வண்டிக்கும் சாமானுக்கும் ஒரே வயசா இருக்கணும்" என்று அப்பச்சி சாப்பாட்டு நேரத்திலும் சொல்வார். எங்கள் வண்டியின் வலது விளக்கு எப்போதோ உடைந்து, வேறு வருஷத்து விளக்கு ஒன்று அங்கே முழித்துக்கொண்டிருந்தது. அப்பச்சி இரண்டு வருஷம் கடிதம் எழுதி, கடல் தாண்டி ஈப்போவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கொட்டகையில் 1926 முத்திரையோடு ஒன்றைக் கண்டுபிடித்துக் கப்பலில் வரவழைத்திருந்தார்.

"நல்லாத் தேச்சுப் பத்திரமா வையி" என்று அதை என்னிடம் கொடுத்தார். பத்திரமான இடம் சீர்ச் சாமான் விரிப்புதான் என்று என் புத்திக்குப் பட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற எல்லாவற்றிலும் அவள் பேரை உளியால் பொறிப்பார்கள். அதற்குப் "பேர் வெட்டுறது" என்று பெயர். மறுநாள் பேர் வெட்டும் ஆசாரி வந்தார், விரிப்பின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலையில் முடித்தார். சாயங்காலம் பார்த்தால் விளக்கின் நெற்றியில் 'உமையாள் 1972'.

அப்பச்சியின் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "விரிப்புல இருக்கிறதுக்கெல்லாம் வெட்டச் சொன்னீக, வெட்டிட்டேன். வேணும்னா அரம் போட்டு ராவிடவா?" என்று ஆசாரி கேட்டார். அம்மா பதறிப்போய், "கல்யாணப் பொண்ணு பேரை அழிக்காதீக!" என்றார். வீடே அப்பச்சியின் வாயைப் பார்த்தது. அவர் விளக்கை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கப்பு போனாப் போகுது, எம் பொண்ணு பேரு இருக்கட்டும்" என்றார். குதிருக்குப் பின்னால் நான் விக்கி விக்கி அழுதேன்.

கல்யாணம் முடிந்த மறு மாதம் போட்டி. நடுவர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். "இது என்ன எழுத்து?" "எம் பெரிய மக பேருங்க." "பேர் சரி, பக்கத்தில் எழுபத்திரண்டு என்று இருக்கிறதே?" மார்க் குறைந்தது, கோப்பை கோயம்புத்தூர்க்காரருக்குப் போனது. எங்களுக்கு இரண்டாவது இடம். திரும்பி வரும்போது திருச்சி தாண்டும்வரை அப்பச்சி சாலையிலேயே கண்ணாக இருந்தார். அதற்கப்புறம் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டியதுபோலச் சிரிக்கத் தொடங்கினார். புதுக்கோட்டை வரை ஓயவில்லை.

இன்று அப்பச்சி இல்லை. காரை விற்று எத்தனையோ வருஷமாகிறது. அக்காவின் தவலையும் அண்டாவும் பங்கு பிரிந்து, பழஞ்சாமான் கடைகளுக்குப் போய்விட்டன. போன மாதம் காரை வைத்திருப்பவர் போன் செய்தார். அந்த ஒரு விளக்கால் வருஷா வருஷம் மார்க் போய்க்கொண்டிருந்ததாம், ஆனாலும் அழிக்க மனசு வரவில்லையாம். இந்தத் தடவை வந்த இளம் நடுவர், ஐம்பது வருஷத்துப் பேர்வெட்டு, அசல், வண்டியின் சொந்தச் சரித்திரம் என்று எழுதி முழு மார்க் கொடுத்துவிட்டாராம். முதல் கோப்பை. கேட்க அப்பச்சிதான் இல்லை.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மூட்டு வலித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி, "அப்ப நானும் முத்திரை குத்துன பழைய சாமானாயிட்டேனாக்கும்! எனக்கு எத்தனை மார்க்குன்னு கேட்டியாடி?" என்றாள்.