சீப்பும் இரட்டை இறக்கையும்

பல் செட் கட்டுகிறவரைத் தெருவில் எல்லோரும் "இறக்கை" என்றுதான் சொல்வார்கள். பகலெல்லாம் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் உள்ள அறையில் உட்கார்ந்து அடுத்தவர் வாய்க்குப் பல் செய்வார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அதே மெழுகு, அதே சுண்ணமாவு, அதே சின்ன அரவை மெஷினை வைத்துக்கொண்டு, மனிதன் பறக்கப் பழகிய ஆரம்ப காலத்து விமானங்களைக் குட்டி குட்டியாகச் செய்வார். சாப்பாட்டு மேசைதான் விமான நிலையம். புருஷனும் பெண்டாட்டியும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகி வெகு காலமாகிறது.

"எத்தனை விமானம் வந்து இறங்குது! ஒரு டம்ளர் இறங்கத்தான் எடமில்ல" என்பாள் மனைவி. அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறவள். நாள் பூராவும் ஆவியிலும் ஈரத் துணியிலும் நிற்கிறவளுக்கு வாய் மட்டும் எப்போதும் நல்ல சூடாகவே இருக்கும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் இறக்கை ஒரு விளக்கம் சொல்லாமல் விடமாட்டார். "அந்தக் காலத்து விமானம் சிலதுல திருப்பறதுக்குன்னு தனியா மடல் கிடையாதுங்க. கம்பியை இழுத்து இறக்கை நுனியையே முறுக்குவாங்க. முறுக்கின பக்கம் சாயும், திரும்பும்." இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். அடுப்படியிலிருந்தே கூடவே ஒப்பிப்பாள்.

ஆள் என்னவோ சாது. பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால் அவரே மன்னிப்புக் கேட்பார். ஆனால் விமானம் என்று வந்துவிட்டால் உடும்புப் பிடி. பழைய போட்டோவில் இருப்பது இருக்க வேண்டும், இல்லாதது இருக்கக் கூடாது. சக்கரத்தில் சேறு இருந்தால் இங்கேயும் சேறு. இறக்கைத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தால் இங்கேயும் ஒட்டு.

இந்தத் தடவை ஒரு மைதானத்தையே கட்டிக்கொண்டிருந்தார். நூலகத்தில் ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்கள், அதில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் வேலைக்கு நடு இடம். வீட்டு வாசலைத் தாண்டி அவர் விமானம் எதுவும் போனதில்லையாகையால் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மழைக்காலம் முழுக்க மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. இரட்டை இறக்கை விமானம் ஒன்று, பின்னால் தகரக் கொட்டகை, மரத்தூளுக்குச் சாயம் போட்ட புல், பல் மெழுகில் செய்த தொப்பிக்காரர்கள், ஒரு சைக்கிள், ஒரு நாய். நாயின் காதுக்கு மட்டும் அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு ஆளுக்கு வாய் நிறையப் பல் கட்டியிருக்கலாம்.

ஒருநாள் அவள் அவருடைய பூதக்கண்ணாடியை வாங்கி மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, இத்தனை பேர்ல ஒரு பொம்பளையைக் காணோமே. அந்த சைக்கிள் பக்கத்துல நான் நின்னுக்கறேனே."

அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "போட்டோவுல அங்க யாரும் இல்லம்மா."

"நாய் இருக்கு?"

"நாய் போட்டோவுல இருக்கு."

அவ்வளவுதான். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மேசையைக் கொடுத்தாள், சாயங்காலங்களைக் கொடுத்தாள், நல்ல கத்தரிக்கோலைக் கொடுத்தாள், இறக்கைக்குப் போர்த்தத் தன் பட்டுக் கழுத்துத் துணியைக்கூடக் கொடுத்தாள். அந்த மனிதர் கட்டிய உலகத்தில் நாய்க்கு இடம் உண்டு, தனக்குக் கட்டைவிரல் உயரம் நிற்க இடமில்லை. வாய்விட்டுச் சண்டை போட்டிருந்தால் ஆறியிருக்கும். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வேண்டியதற்கு மட்டும் பேசினாள்.

தங்கையிடம் போனில் கொட்டித் தீர்த்தாள். தங்கையோ எப்போதும் மாமா கட்சி.

"மாமா தங்கமானவர்க்கா. நீ தலை வாரிட்டுப் போட்ட சீப்பைக்கூட அவர்தான் சுத்தம் பண்ணி வெக்கிறார்னு நீதானே பெருமை அடிச்சே?"

அது உண்மைதான். கொஞ்ச காலமாகக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் சீப்பில் ஒரு முடி சுற்றியிருக்காது. தங்கை மாதாமாதம் வந்து அவளுக்கு நரைக்குச் சாயம் பூசிவிடுவாள். இந்த மழைக்காலம் முழுக்க அவள் வரமுடியாமல் போகவே வகிட்டோரமெல்லாம் வெள்ளை எட்டிப் பார்த்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. முன்னொரு காலத்தில் "உனக்கு ஒரு வெள்ளை முடி!" என்று ஏதோ புதையல் கண்டவர்போல் அவர் கத்திவிட்டு, அதற்குப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து அவள் தலையைப் பற்றி நல்லதோ கெட்டதோ அவர் வாயைத் திறந்ததில்லை.

மைதானம் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கண்காட்சி திறக்கும் நாள் காலையில் வீட்டுக்குப் போன் வந்தது. நூலகத்தை நடத்தும் அம்மாள் பதறினாள்.

"சார் போனை எடுக்கலைங்க. விமானம் கோணிக்கிட்டு நிக்குது. யாரும் தொடலைங்க, பெட்டி பூட்டித்தான் இருக்கு. சாயங்காலம் ஜனம் வந்துடும்."

கிளினிக்கில் அரவை மெஷின் ஓடினால் அவர் காதுக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அவர் மேல் இருந்த கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், மழைக்காலம் முழுக்க அந்த முதுகு வளைந்து கிடந்ததைப் பார்த்தவள் அவள். மனசு கேட்கவில்லை. கிளினிக்குக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

நூலகக் கூடத்தில் ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் விமானம் ஒரு பக்க இறக்கைகளை நுனியில் முறுக்கிக்கொண்டு, மறுபக்கம் மேலே எழும்பி, தரையில் நின்றபடியே திரும்ப முயன்றுகொண்டிருந்தது. யாரோ உள்ளே உட்கார்ந்து கம்பியை இழுத்துப் பிடித்த மாதிரி. அவர் விருந்தாளிகளுக்குச் சொல்லும் விளக்கம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

அவள் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கிட்டே குனிந்தாள். இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் விண்ணென்று நின்றன. கம்பி மாதிரித்தான் இருந்தது, வெள்ளி வெள்ளியாக. ஓரத்தில் ஒரு கம்பி பாதி தூரம் வெள்ளியாக வந்து, அங்கிருந்து செம்பழுப்பாகிவிட்டது. பக்கத்துக் கம்பியும் அப்படியே. எந்தக் கடையிலும் அப்படிக் கம்பி விற்பதில்லை. அந்தச் செம்பழுப்பு எந்தப் பாக்கெட்டில் வருகிறது என்று அவளுக்குத் தெரியும். நிறம் மாறும் அந்த இடத்தை அவள் தினமும் கண்ணாடியில் பார்த்து எரிச்சல்படுகிறாள்.

கை தானாகத் தலைக்குப் போயிற்று.

"அடப்பாவி மனுஷா" என்றாள். நூலக அம்மாள் தன்னைச் சொல்கிறாளோ என்று ஒரு அடி பின்னால் போனாள்.

என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. சலவைக்கூடத்து ஆவியில் அவள் பின்னல் தளர்ந்து தொங்கும். ஏசி போட்ட மானேஜர் அறையில் கொஞ்ச நேரம் நின்றால் கொண்டை இறுகி மண்டையைப் பிடிக்கும். மனிதர் அடை மழையில், ஈரத்தில் நீண்ட முடியைப் பார்த்துப் பார்த்து இழுத்துக் கட்டியிருக்கிறார். இங்கே காய்ந்த குளிரில் அத்தனையும் சுருங்கி இறக்கையை இழுத்துவிட்டது. தலைமுடி வைத்திருக்கும் எவளையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தகரக் கொட்டகைக்குப் பின்னால் தெரியாமல் சுருட்டி வைத்தாள். நூலக அம்மாளின் கைக்குட்டையையும் வாங்கி நனைத்து இன்னொரு மூலையில் வைத்தாள். பெட்டியை மூடிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். கண்ணாடி உள்பக்கம் லேசாகப் பனித்தது. தன் முடி மெள்ள மெள்ளத் தளர்ந்துகொடுப்பதையும் இறக்கை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

புருஷன் மூச்சிரைக்க ஓடி வந்தபோது விமானம் நேராக நின்றது. சட்டையெல்லாம் சுண்ணமாவு. விமானத்தைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம்.

"நைலான் நூல் கயிறு மாதிரி தெரிஞ்சுது. எதுவுமே சரிவரலம்மா" என்றார்.

"ஒரு வார்த்தை கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?"

"எப்படிக் கேக்கறது? உன் நரை எனக்கு வேணும்னு சொல்லிட்டு அந்த வீட்ல நான் குடியிருக்க முடியுமா?"

நூலக அம்மாளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பெட்டிக்கு முன்னால் வைக்க அட்டை எழுதிக்கொண்டிருந்தாள். "மரம், பட்டு, சுண்ணம், மெழுகு எல்லாம் எழுதிட்டேன் சார். இது என்ன கம்பி?"

அவர் சட்டையில் இருந்த சுண்ணமாவைத் தட்ட ஆரம்பித்தார்.

"என்னுது" என்றாள் மனைவி.

சாயங்காலம் கூட்டம் வந்தது. பெட்டியை விட்டு நகராமல் நின்ற ஜனத்துக்கு இறக்கை முறுக்கும் கதையை அன்று அவர் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள்.

கண்காட்சி முடிந்து மைதானம் வீட்டு மேசைக்குத் திரும்பியதும் அவர் ஒரு துண்டு மெழுகை எடுத்து வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"சைக்கிள் பக்கத்துல உன்னை நிக்க வெச்சிடறேன். போட்டோ கெடக்குது, விடு."

"வேண்டாம். போட்டோவுல நான் இல்ல. இல்லாததை வெக்கக் கூடாது."

"கோபமா?"

"போட்டோவுல கம்பி இருக்கில்ல? அது போதும் எனக்கு."

மழை விட்டபின் தங்கை சாயப் பாக்கெட்டோடு வந்து, கிண்ணத்தில் குழைக்கப் போனாள். அக்கா தடுத்துவிட்டாள்.

"இனிமே வேண்டாம்டி. அடுத்த விமானத்துக்குக் கம்பி ஒரே நிறமா இருந்தாத்தான் நல்லா இருக்கும்."

"மாமா கேட்டாரா?"

"அவர் எங்க கேப்பார்!"

தங்கை போனபிறகு தலை வாரிக்கொண்டாள். சீப்பைக் கண்ணாடிக்கு முன்னால் போடாமல், சுற்றிய முடியோடு அப்படியே கொண்டுபோய் அவருடைய பூதக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.