விழா மலரில் இல்லாத பாலம்

எங்கள் ஊரின் வயது ரயிலின் வயதுதான். அதற்கு முன்னால் இங்கே வயல் இருந்தது, வரப்பில் நண்டு இருந்தது, மனுஷர் குடியிருப்பு என்று ஒன்றுமில்லை. பழைய ஊர் கோயிலும் குளமுமாக ஒரு மைல் தள்ளி இருக்கிறது. கோயிலை ஒட்டிய நஞ்சையைத் தர முடியாது என்று அங்கிருந்த மிராசுதார்கள் ஒற்றைக் காலில் நின்றதால், தண்ணீர் தேங்கும் இந்தப் பள்ளத்தில் மண்ணைக் கொட்டி ஸ்டேஷன் கட்டினான் ரயில் கம்பெனிக்காரன். மண் சுமந்தவர்கள் ரயில் பாதைக் கரையோரமாகவே குடிசை போட்டுக்கொண்டார்கள். நெல் ஏற்ற வரும் வண்டிக்காரர்களை நம்பி ஒரு ராவுத்தர் சாக்கும் கயிறும் விற்கக் கடை வைத்தார். அப்புறம் அரிசி மில், மில்லுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார், அதற்கப்புறம் பள்ளிக்கூடம். என் மாமனார் குடும்பம் பழைய ஊரிலிருந்து இந்தப் பக்கம் குடிவந்தது ரொம்பப் பின்னால். மருமகளாக வந்த நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றேன்.

மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்து, பல வருஷம் கழித்து மறுபடி ரயில் ஓடப்போகிறது என்றதும் ஊரில் விழாக்குழு கிளம்பியது. மலருக்கு ஊர் வரலாறு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரோ எழுதிய சரித்திரத்தையே ஒப்பித்துக் காலம் கழித்தவளுக்கு, சொந்தமாக ஒரு சரித்திரம் எழுதக் கிடைத்தால் விடுவாளா? நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

கரையோரத் தெருவுக்கும் போனேன். தண்டவாளத்துக்கு மேற்கே ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்யும் ஒரு பெண் அங்கே இருக்கிறாள். அவள் மகளுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். நான் உட்கார்ந்த உடனே அவள் கேட்ட முதல் கேள்வி, “வளைவுப் பாலத்தப் பத்தி எழுதுறீங்களா டீச்சர்?” என்பதுதான்.

ஸ்டேஷனுக்குத் தெற்கே, கரைக்கு அடியில் செங்கல் வளைவாக ஒரு சின்னப் பாலம். மேற்கு வயல்களின் மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் கிழக்கே வடிய வேண்டும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு கதை இருக்கும் என்று நினைத்ததில்லை.

“கம்பெனிக்காரன் கரைய மட்டும் போட்டான், தண்ணி போக வழி வைக்கல. மொத வருஷமே கார்த்திகை மழையில மேக்கால கடலாட்டம் நின்னுடுச்சு. பயிரும் போச்சு, எங்க குடிசையும் போச்சு. எங்க தெரு ஆம்பளைங்க மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போயி கரைய வெட்டிவுட்டுட்டாங்க. ஏழு பேரப் புடிச்சு ஜெயில்ல போட்டான். எங்க வீட்டுக்காரரோட பாட்டனுக்கு அப்பா அதுல ஒருத்தரு. அவரு திரும்பி வரவே இல்ல. அதுக்கு அப்புறந்தான் அந்தப் பாலம் வந்துச்சு” என்றாள்.

இரண்டு பக்கம் எழுதிக்கொண்டேன். கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் மலருக்குச் சுத்தப்பிரதி எடுக்க உட்கார்ந்தபோது அந்த இரண்டு பக்கத்தையும் தள்ளி வைத்தேன். விழாக்குழு சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. நல்ல காரியத்தில் போலீஸ் கேஸ் எதற்கு என்று எனக்கே தோன்றியது. பழைய ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்களே என்ற பயமும் இருந்தது. மாலை போட்ட எஞ்சின், ராவுத்தர் கடை, மில் சங்கு என்று எல்லாம் அழகாக அச்சாகி வந்தது.

விழா அன்று மேளச் சத்தத்துக்கு நடுவே அவள் என்னைப் பிடித்துக்கொண்டு, “எங்க கதை வந்திருக்கா டீச்சர்?” என்றாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். மகள் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். நான் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருஷம் போயிற்று. இன்னொரு தண்டவாளம் போடக் கரையை அகலப்படுத்தினார்கள். பாலத்தின் வாய் மண்ணுக்குள் போய்விட்டது. ஆவணி மாதம், இன்னும் நடவுகூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் அவள் ஒரு இளம் இன்ஜினியரை அழைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றாள். நல்ல மரியாதையான பையன்.

“வரைபடத்துல அந்த இடத்துல வாய்க்காலே இல்ல மேடம். வாய்க்கால் இல்லாத எடத்துல பாலம் எதுக்குன்னு மேல கேக்குறாங்க. தண்ணி அங்க வடிஞ்சதுக்கு எழுத்துல ஏதாவது இருந்தா நான் அனுப்பி வைப்பேன். உங்க புத்தகத்துல இருக்குன்னு இவங்க சொன்னாங்க” என்றான்.

“எடுத்துக் காட்டுங்க டீச்சர். ஐப்பசிக்குள்ள தொறக்கலன்னா இந்த வருஷம் நான் நடுறதெல்லாம் தண்ணிக்குள்ளதான்” என்றாள் அவள்.

மலரை எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? அவன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுல இல்ல. எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு நான்தான் விட்டுட்டேன்” என்றேன்.

அவன் தர்மசங்கடமாக நெளிந்தான். அவள் மலரை அவன் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தாள். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு அவனிடம், “இப்ப எழுதிக் குடுத்தா ஒத்துக்குவீங்களா சார்?” என்று கேட்டாள். ஊர் வரலாற்றை எழுதியவரே கைப்பட எழுதிக் கொடுத்தால் முயற்சி செய்து பார்க்கலாம் என்றான் அவன்.

பாலம் திறந்ததா என்று கேட்பீர்கள். திறந்தது. தாசில்தார் ஒரு தடவை, பெரிய இன்ஜினியர் ஒரு தடவை வந்து பார்த்தார்கள். மண்ணைத் தோண்டியதும் வளைவு முழுசாக வெளியே வந்தது. மழைக்கு முன்னால் வழி கிடைத்துவிட்டது, அந்த வருஷம் அவள் சம்பா தப்பித்தது. எனக்கு நிம்மதிதான். ஆனால் அந்தக் காலை நேரம் மட்டும் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அன்றைக்கு அவர்கள் இருக்கும்போதே வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். பழக்க தோஷம், வாய்விட்டுப் படித்தபடியே எழுதினேன். “ரயில் பாதை அமைக்கப்பட்ட முதல் ஆண்டில், வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட ஊர் மக்கள் ஒன்று திரண்டு கரையை வெட்டி...”

“ஊர் மக்கள் இல்ல டீச்சர்” என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. “எங்க தெரு ஆளுங்க ஏழு பேரு. ஊருதான் போயி போலீசக் கூட்டியாந்துச்சு. அன்னைக்கே இதையும் சொன்னேன், எழுதிக்கிட்டீங்களே.”

அன்றைக்கே எழுதிக்கொண்டேன்தான். அவள் சொன்ன ஊர் பழைய ஊர், என் மாமனார் வீட்டு ஊர். நான் எழுதிய வரியை அடித்துவிட்டு, அவளை முதலிலிருந்து சொல்லச் சொல்லி, அவள் சொன்னபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.