தெரிந்தவர்கள் சொன்ன ‘தெரியாது’

பள்ளிகொண்டாவில் தொழிற்சங்கக் கூட்டத்தில் பேச மேடையேறக் காத்திருந்த மாலையில் ரமணி தொலைபேசியில் அழைத்தாள். ஆம்பூர்க் காலணி ஆலையொன்றின் தைப்புப் பிரிவில் வேலை செய்பவள். “அண்ணே, எஸ்தர் அக்கா போய்ட்டாங்க” என்று அழுதாள். அழுகை அடங்குமுன்பே, “பேனர் அடிக்கணும்ணே. நல்ல பேரு எடுத்த அம்மான்னு வர்ற மாதிரி நாலு வரி சொல்லுங்க” என்றாள். ஒலிவாங்கியின் முன் மணிக்கணக்கில் பேசுகிறவன், அன்று ஒரு வரியும் தராமல் அழைப்பை முடித்தேன்.

அத் தைப்புப் பிரிவின் மேற்பார்வையாளர் எஸ்தர் அக்கா. ஆலைக்குச் செல்லும் பெண்ணுக்கு வரன் வந்தால், மாப்பிள்ளை வீட்டார் வேலைவிடும் நேரத்தில் வாயிலுக்கு வந்து, உடன் உழைக்கும் பெண்களிடம் விசாரிப்பது நம் ஊர் வழக்கம். அப்படி வந்தவர்கள் பலரும் தேடியது எஸ்தர் அக்காவைத்தான். ரமணியைப் பற்றிக் கேட்க நாட்றம்பள்ளியிலிருந்து ஓர் அத்தை வந்தார்.

“பொண்ணு எப்டிம்மா?”

“கோபக்காரி. மூக்குமேல நிக்கும். ஆனா பொய் பேச மாட்டா. இது கண்ணால பாத்தது. காதுல வுழுந்தத நான் சொல்றதில்ல.”

“கோபம்னா ஜாஸ்தியா?”

“உங்க புள்ள ஒழுங்கா இருந்தா கம்மி.”

அத்தை சிரித்துவிட்டார். திருமணம் உறுதியாயிற்று.

பின்னொரு நாள், புதிதாய்ச் சேர்ந்த ஒரு பெண்ணின் கையைச் சரக்கறையில் மேலாளர் பிடித்திழுத்ததை எஸ்தர் அக்கா கண்டார். விசாரணையில் கண்டதைச் சொன்னார். தோழர்களே, அந்த மேலாளரின் நற்பெயர் எத்தகையது! கோயிலில் அன்னதானம், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி, தேவாலயத்தில் கிறித்துமசு கேக்கு. மூன்று வாசல்களிலும் வாங்கிச் சேர்த்த பெயரின்முன் ஒரு பெண்ணின் கண் எம்மாத்திரம்? கைபிடிக்கப்பட்டவள் வேலையை விட்டாள். மேலாளர் மாலை மரியாதையோடு வேறு கிளைக்குப் போனார். எஸ்தர் அக்காவுக்கோ, “எஸ்தருக்கும் அவனுக்கும் முன்னாடியே இன்னாவோ” என்ற முணுமுணுப்பு பரிசாகக் கிடைத்தது.

அடுத்த தையில் அவர் மகள் ஷீலாவுக்கு வரன் வந்தது. ஷீலாவும் அதே பிரிவில்தான் வேலை செய்தாள். ஒடுகத்தூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய், வாயிலில் ரமணியை நிறுத்திக் கேட்டார். சங்கத் துண்டறிக்கைகளோடு அருகில் நின்றிருந்தேன். ரமணி தரையைப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

ஒரே மேசையில் சோறுண்டவள் ‘தெரியாது’ என்றால் அதற்கு நம் ஊரில் என்ன பொருளென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அடுத்தவளைக் கேட்டார்கள்; அவளுக்கும் தெரியவில்லை. “நான் சொல்கிறேன், அம்மா” என்று முன்னால் சென்றேன். ஒரு பெண்ணுக்காக ஆண் வந்து பேசினால் ஐயம் பெருகுமேயன்றிக் குறையாது. அந்தத் தாய் என் முகத்தையும் பாராமல் பேருந்தேறினார். அதன்பின் ஷீலாவைக் கேட்டு எவரும் வரவில்லை.

செய்தி சொல்லப் போனபோது எஸ்தர் அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். நான் கொதித்தேன், அவர் கொதிக்கவில்லை.

“வுடு தம்பி. நல்ல பேருன்றது ஊர்க்காரங்க வூட்டு நாற்காலி. உக்காருன்னு அவங்களே போடுவாங்க, அவங்களே இழுத்துப்பாங்க. நாம நின்னே பழகிக்கணும்.”

“அந்த விசாரணையில் வாய்மூடி இருந்திருக்கலாம் என்று தோன்றவில்லையா, அக்கா?”

“தோணுச்சு. ஷீலா மொகத்தப் பாக்கும்போதெல்லாம் தோணுது. அதுக்காகப் பாத்தது பாக்காததாய்டுமா?”

அடக்கத்தன்று தெருமுனையில் பேனர் நின்றது. நான் வரி தரவில்லை. வேறு யாரோ தந்திருந்தார்கள். ‘நற்பெயரின் நாயகி’ என்றிருந்தது. பெட்டியைப் பற்றிக்கொண்டு ரமணி கதறினாள்: “தங்கமான மனுசி! அவங்கள மாதிரி உண்டா!”

ஷீலா நிமிர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“இப்ப மட்டும் தெரியுதாக்கா?”

ரமணி பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். போதகர் செபத்தைத் தொடங்கினார்.

இறந்தவருக்குப் புகழ் வழங்கும் ஊரே, உன் வள்ளன்மையை நான் அறிவேன். பிணம் எதையும் திருப்பிக் கேட்காது. எஸ்தர் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் சான்று சொன்ன முறை ஒன்றே. ஆகவே அவரைத் தங்கமென்று சொல்லமாட்டேன். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்: அவர் பார்த்தார், சொன்னார். உங்களுக்குத் தெரிந்திருந்தது, நீங்கள் சொல்லவில்லை. ஷீலா இன்றும் அந்த வாயில் வழியேதான் வேலைக்குப் போகிறாள்.