கந்தப்பளையில் கேட்ட தப்பு

ஐம்பதுகளில் மதுரையிலிருந்து இலங்கைக்குப் போய் மாதக்கணக்கில் சேலை விற்றேன். ஒரு நாள் மலையைப் பார்த்தால் பாட்டு வரும். மறுநாள் ஊர் ஞாபகத்தில் சோறு இறங்காது.

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் ஓர் இரவு, முதல்முறையாகத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தங்கினேன். இடம் கொடுத்த மாரியண்ணனுக்குக் கடும் காய்ச்சல்.

விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் சாவுக்குத்தான் அடிப்பார்கள். அவர் படுத்திருந்த இடத்துக்கு ஓடினேன். பாய் காலி.

அடுப்பு ஊதிய அவர் மனைவியிடம், “அண்ணன் எங்கக்கா?” என்றேன்.

“கேக்கலையா தம்பி? அவருதான் அடிக்கிறாரு. காச்சல் விட்டிருச்சு. வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்கு ஆளுகள எழுப்பணுமில்ல?”

அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

ஊர் திரும்பி வெகுகாலமாகிவிட்டது. இங்கே சாவு வீட்டில் தப்பு அடித்தால் எல்லோரும் தலை குனிகிறார்கள். எனக்கு மட்டும் யாரோ பிழைத்து எழுந்ததுபோல் இருக்கிறது.