அக்கா ஏறிப் பார்க்காத சைக்கிள்

அன்று சைக்கிள் கடையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். சூப்பர்வைசர் இருந்தார். அவர்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர். ஸ்டோர் அண்ணன் இருந்தார். கேண்டீன் மாமா இருந்தார். லைன் லீடர் அக்கா இருந்தார், எங்களில் ஒரே பெண். நான் இருந்தேன். கடை முதலாளி இருந்தான், தவுக்கே என்று கூப்பிட்டோம். மொத்தம் ஆறு பேர். ஆறு பேருக்கும் கண் நன்றாகத் தெரியும்.

சுவரோரமாக ஐந்து சைக்கிள்கள் நின்றன. மலையில் ஓட்டுகிற சைக்கிள், தடித்த டயர், கறுப்பில் பச்சைக் கோடு. ஐந்தும் ஒன்றுபோல. உயரமான ஆளுக்குச் செய்த பெரிய சைஸ், அதனால் விற்காமல் நின்ற சரக்கு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஐந்தையும் சேர்த்து எடுத்தால் ஆளுக்கு ஒரு ஹெல்மெட் சும்மா என்றான் தவுக்கே. சூப்பர்வைசருக்குப் பிடித்துப் போயிற்று. "அஞ்சும் ஒரே மாதிரி. யூனிஃபார்ம் கணக்கா இருக்கும்லா" என்றார். நாங்கள் பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலையில் ஒரே நிறச் சட்டை போட்டு வேலை செய்தவர்கள். ஒரே மாதிரி என்று சொன்னால் சரி என்றுதான் எங்களுக்குப் படும்.

ஆண்கள் நாலு பேரும் கடைக்குள்ளேயே காலைத் தூக்கிப் போட்டு ஏறிப் பார்த்தோம். அக்கா ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்திருந்தார். சுடிதார் போட்டிருந்தார். அத்தனை ஆம்பளைகள் நடுவில் காலைத் தூக்கிப் போட அவருக்குக் கூச்சம். "பரவால்ல, நான் வீட்ல போய் ஏறிப் பாத்துக்கிறேன்" என்றார். ஹேண்டிலைப் பிடித்துக் கடைக்குள் ஒரு சுற்று தள்ளிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான் அவர் சைக்கிள் பார்த்து வாங்கியது. நாங்கள் நாலு பேரும் ஐந்து நிமிஷம் வெளியே போய் நின்றிருக்கலாம். எங்களுக்குத் தோன்றவில்லை. தவுக்கேக்கு வேறொன்று தோன்றியது. அவன் ஒரு தடவை அக்காவை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் குனிந்து, அந்த ஒரு சைக்கிளின் சீட்டை மட்டும் அடிவரைக்கும் இறக்கி விட்டான்.

நானும் ஒரு வேலை செய்தேன். அக்கா சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க சைக்கிளா வாங்குறீங்க? ஏணில்ல வாங்குறீங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தவுக்கேயும் சிரித்தான், அவனுக்குத் தமிழ் தெரியாது. அக்காவும் சிரித்துக்கொண்டே, "போடா, பனமரம்" என்றார். அன்றிலிருந்து அவர் ஏணி அக்கா.

அக்கா எங்கள் லைனில் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து வேலை செய்கிறவர். தலைமுடியை விட மெல்லிய கம்பியை ட்வீசரால் எடுத்து வைப்பார். எத்தனை பீஸ் ஓடியது என்று எழுதிப் பார்க்க மாட்டார், வலது கை விரலை மடக்கியே எண்ணிச் சொல்லிவிடுவார். தப்பாது. பட்டர்வொர்த்திலிருந்து ஒரே பேக்டரி பஸ்ஸில்தான் கடல் பாலம் தாண்டித் தீவுக்குப் போவோம். சைக்கிள் எதற்கு என்று பஸ்ஸில் ஒரு தடவை கேட்டேன். "இருவது வருஷமா ஒக்காந்து போறேன், ஒக்காந்து வர்றேன். என் கால வச்சி ஒரு மலையாச்சும் ஏறணும் தம்பி" என்றார். புருஷன் இல்லாமல் மகளை வளர்த்தவர். தனக்கென்று அவர் வாங்கிய பெரிய சாமான் அந்தச் சைக்கிள் ஒன்றுதான்.

நாலைந்து ஞாயிறு ரோட்டில் ஓட்டினோம். அக்கா சைக்கிளைச் சாய்த்துத்தான் ஏறுவார். நிற்க வேண்டுமென்றால் ரோட்டோரக் கல்லையோ திண்டையோ தேடி, அதில் காலை ஊன்றித்தான் நிற்பார். "ஏணி அக்காவுக்குப் படிக்கட்டு கொண்டாங்கப்பா" என்பார் கேண்டீன் மாமா. அப்படிச் சிரித்துச் சிரித்தே அக்கா வாயை அடைத்துவிட்டோம். ஒரே ஒரு தடவை என்னிடம் மட்டும் சொன்னார். "பிரேக்கு வெரலுக்கு எட்டவே மாட்டேங்குது தம்பி." நான் அவர் கையைப் பார்க்கவில்லை. பிரேக்கையும் பார்க்கவில்லை. "பழகிடும்கா" என்றேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு, ஆயிர் ஈத்தாம் அணைக்கட்டுக்கு மேலே உள்ள காட்டுப் பாதை. இறக்கம். மழை பெய்து மரவேர் வழுக்கியது. முன்னால் போன சூப்பர்வைசர் சட்டென்று நின்றார். அக்கா விரல் நுனியால் பிரேக்கைத் தேடினார். சீட்டை விட்டு முன்னால் சறுக்கினார். நடுவில் பார் இருக்கிறது, சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஓடுகிற குழாய். அது உயரம். கால் தரையைத் தொடவில்லை. அப்படியே வலது பக்கம் சாய்ந்து கையை ஊன்றினார். நான் பின்னால் இருந்து எல்லாம் பார்த்தேன்.

மணிக்கட்டில் தகடு, ஆறு ஸ்க்ரூ. இரண்டு விரல் பிறகு முழுதாக மடங்கவே இல்லை. ட்வீசர் பிடிக்க முடியவில்லை. பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அதுவும் முடியாமல் ஒரு வருஷத்தில் வேலையை விட்டார். ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது ஒன்றுதான். "எனக்குத்தான் ஓட்ட வரல. யார் மேலயும் தப்பில்ல." சூப்பர்வைசர் விதி என்றார். சீட்டை இறக்கியது விதியா?

தனியாக அந்தக் கடைக்குப் போனேன். தவுக்கே ஹெல்மெட் அடுக்கிக்கொண்டிருந்தான். கத்தினேன். "நீங்களே பொறுக்கி எடுத்தது. அந்தம்மா ஏறிக்கூடப் பார்க்கவில்லை" என்று மலாயில் சொன்னான். பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன், அன்றோடு தீர்ந்திருக்கும். எட்டு வருஷமாகத் தீரவில்லை.

இந்த வருஷம் என் மனைவி சைக்கிள் வேண்டும் என்றாள். பட்டர்வொர்த்தில் ஒரு சின்னக் கடை. நாலு சைக்கிள் நிறுத்தவே இடம் போதாது. உள்ளே போனதும் இந்தக் கடைத் தவுக்கே சைக்கிளைக் காட்டவில்லை. பெண்டாட்டியைக் கூப்பிட்டான். அந்தம்மா என் மனைவியை டயர் அடுக்குக்குப் பின்னால் கூட்டிப்போய்த் திரையை இழுத்துவிட்டாள். செருப்பைக் கழற்றிச் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கச் சொன்னாளாம். ஒரு தடித்த புத்தகத்தைக் கால் நடுவே மேலே ஏற்றிப் பிடித்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அளந்தாளாம். ஒரு நிமிஷம் ஆகவில்லை. அதன் பிறகுதான் இரண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். "சீட்டை இறக்கலாம், பாரை இறக்க முடியாது. நின்றால் பாருக்கு மேலே நாலு விரல் இடம் இருக்க வேண்டும்" என்றாள் மலாயில். பிறகு என் மனைவியின் விரலைப் பார்த்துவிட்டு, பிரேக் பிடியில் இருந்த சின்னத் திருகாணியை நாலு சுற்று சுற்றினாள். பிடி விரலுக்குக் கிட்டே வந்தது.

"நல்ல கடைங்க" என்றாள் மனைவி. வெளியே போய் நின்றேன். ஒரு நிமிஷம், ஒரு திருகாணி.

அங்கிருந்து ஒரு அளவு டேப் வாங்கிக்கொண்டு நேராக செபராங் ஜெயா போனேன். அக்கா மகளோடு அங்கே ஃபிளாட்டில் இருக்கிறார். அதே சைக்கிள் வாசலுக்கு வெளியே நின்றது. பாரில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. துண்டை எடுத்துவிட்டு, தரையிலிருந்து பார் வரை அளந்தேன். எழுபத்தொன்பது சென்டிமீட்டர். பிரேக் பிடியைப் பார்த்தேன். அதே திருகாணி. யாரும் தொட்ட அடையாளமே இல்லை.

"எதுக்குத் தம்பி இப்பப் போய் அளக்குற?" என்றார் அக்கா.

"நீங்களும் கொஞ்சம் சுவத்துல சாஞ்சி நில்லுங்கக்கா. மக அளக்கட்டும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் உள்ளே போனார். மகள் கதவைச் சாத்தினாள். நான் வெளியே சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டில் தடித்த புத்தகம் பைபிள் ஒன்றுதான். "அதத் தொட்ட, தொலச்சிருவேன்! மீன் வெட்டுற பலகைய எடு" என்று அக்கா சத்தம் போடுவது கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தக் குரல்.

"அறுபத்தேழு, மாமா" என்றாள் மகள் உள்ளேயிருந்து.

அக்கா வெளியே வந்தார். "பாரு ஒசரம் எத்தன?"

"எழுபத்தொம்பது."

அக்கா சைக்கிளுக்குப் பக்கத்தில், அன்று கடையில் நின்ற மாதிரியே நின்றார். வலது கை விரலை மடக்கி எண்ணப் பார்த்தார். இரண்டு விரல் மடங்கவில்லை. இடது கைக்கு மாற்றினார்.

"அப்ப எனக்கு ஓட்டத் தெரியாம இல்ல" என்றார். என்னிடம் சொல்லவில்லை. சைக்கிளிடம் சொன்னார்.

ஆறு பேர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பன்னிரண்டு சென்டிமீட்டர்.