பின்னால் கேட்ட குரல்

கேதீஸ்வரி ரீச்சர் ஸ்மார்ட் போர்டைத் தொடுவதற்கு முன் வலது கையைச் சாறித் தலைப்பில் இரண்டு தரம் துடைப்பார். பிறகு ஒரே ஒரு விரலை நீட்டி, தோசைக்கல்லில் சூடு பார்க்கிற மாதிரித் தொட்டுவிட்டு அரை அடி பின்னால் வந்து நிற்பார். திரை விழித்தால் பெருமூச்சு. விழிக்காவிட்டால் எட்டாம் தரம் முழுவதையும் சாட்சிக்குக் கூப்பிடுவார். "நான் ஒண்டும் அமத்தல்ல, பாத்தீங்கதானே?" முப்பத்தாறு பிள்ளைகளும் ஒரே குரலில் "ஓம் ரீச்சர்" என்பார்கள். அதற்குப் பிறகுதான் பாடம் தொடங்கும்.

ஐம்பத்துமூன்று வயது. மட்டக்களப்பு வாவிக்கரைப் பாடசாலை ஒன்றில் ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை தமிழ் படிப்பிக்கிறார். போர்ட் இரண்டு வருடத்துக்கு முன் வந்தது. கனடாவில் இருக்கும் பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்தது. அதற்காக வலயக் கல்வி அலுவலகத்தில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். ரீச்சர் இரண்டு நாளும் முன்வரிசையில் இருந்து, ஒரு சொல் விடாமல் கொப்பியில் எழுதி வந்தார். எழுதியதில் தடித்த கோடு போட்டிருப்பது ஒரே ஒரு வரிக்குத்தான்: 'பிழையாக அமத்தினால் என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும்.' கேட்கவில்லை. கேட்கவும் பயம்.

சிரிக்கலாம், ஆனால் அவரோடு பழகினால் சிரிப்பு வராது. ஒரு பெயரை ஒரு தாளில் எழுதினால் அது எந்தக் கைக்குப் போகும் என்று ஊரே நடுங்கிய காலத்தில் வளர்ந்தவர் அவர். ஆகவே எதை அனுப்பினாலும் முதலில் "இது ஆர்ர கைக்குப் போகும்?" என்றுதான் கேட்பார். கடிதத்துக்கும் அதே கேள்வி, வாட்ஸ்அப்புக்கும் அதே கேள்வி. இளம் ஆசிரியை நிலானிக்கு அது பெரிய பகிடி. "ரீச்சர், குட்மோர்னிங் எண்டு போடுறதுக்குமா?" என்று சீண்டுவாள்.

இவ்வளவு பயந்த மனுசிதான் அந்தப் பாடசாலையில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துப்போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்காக ஒரு வழி கண்டுபிடித்தார். பாடத்தை வீட்டில் இருந்து வாசித்து, போனில் குரல்பதிவு செய்து, வகுப்புக் குழுவில் போட வேண்டும். கொரோனாக் காலத்தில் பெற்றோரின் நம்பர்களைச் சேர்த்துத் தொடங்கிய குழு அது, பிள்ளைகளோடு சேர்ந்து அதுவும் தரம் ஏறி வந்திருந்தது. பலன் கண்கூடு. டினுஷா என்றொரு பிள்ளை, மூன்று வருடமாக வகுப்பில் வாயே திறக்காதவள், பதிவில் அருவி மாதிரி வாசித்தாள். முதல்முறை அதைக் கேட்டபோது ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டது நிலானிக்குத் தெரியும்.

விடிய ஐந்து மணிக்கு அடுப்பில் உலையை வைத்துவிட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாய்க் கேட்பார். மற்றக் காது சோற்றுக்கு. பிள்ளைகளின் வாசிப்புக்குப் பின்னால் அவர்களின் வீடுகளும் கேட்கும். சேவல் கூவும், யாரோ தேத்தண்ணி கேட்பார்கள், மாதா கோயில் மணி அடிக்கும். ஒரு வீட்டில் எந்த நேரமும் ரீவி. கேட்டுக் கேட்டு, முப்பத்தாறு வீட்டுக்குள்ளும் போய் வந்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. அது சரியா என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

போன தவணைப் பரீட்சை தொடங்கிய திங்கட்கிழமை விடிய, டினுஷாவின் பதிவைப் போட்டார். பிள்ளை வழக்கம்போல அழகாக வாசித்துக்கொண்டு போகிறாள். அவளுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கமாக இருக்க வேண்டும், அவளுடைய தாய் செசீலியா யாரோடோ போனில் பேசுவது கேட்டது.

"வியாழன் விடியப் பஸ்ஸில வாறன் அக்கா. புள்ளைட சோதினை புதனோட முடியிது. அவர் வாறதுக்குள்ள வெளிக்கிட்டிரணும். தெரிஞ்சா இந்தமுறை என்னைக் கொண்டே போட்டிருவார்."

அவர் என்றால் செசீலியாவின் புருசன் றொனால்ட். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் போட்டில் போகிறவன். போனால் இருபது நாள், போனுக்குச் சிக்னல் கிடையாது. கரைக்குக் கிட்ட வரும்போதுதான் வந்து குவிந்த செய்தியெல்லாம் ஒன்றாய் விழும். வகுப்புக் குழுவில் அவனுடைய நம்பரும் இருக்கிறது. குழுவைத் தொடங்கியபோது அந்த வீட்டில் அவனிடம் மட்டும்தான் நல்ல போன் இருந்தது. செசீலியாவின் நம்பர் பிறகு சேர்ந்தது. பழையதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எடுக்க வேண்டியவர் ரீச்சர்தான்.

பதறிக்கொண்டு பதிவை அழுத்திப் பிடித்தார். அழிப்பதற்கு இரண்டு வரி வந்தது. இயர்போன் வயர் கழுத்தில் சுற்ற, உலை பொங்கி வழிய, ஒன்றை அமத்தினார். பதிவு மறைந்தது. பிள்ளையாரே என்று நெஞ்சில் கை வைத்தார். அன்று சோறு குழைந்துபோனது பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

பாடசாலைக்கு வந்தும் மனம் ஆறவில்லை. நிலானியைத் தனியே கூப்பிட்டு, காரணம் சொல்லாமல், குழுவில் ஒன்றை அழித்தால் எல்லாருடைய போனிலும் அழியும்தானே என்று விசாரித்தார். எந்த வரியை அமத்தினீர்கள் என்று நிலானி கேட்டாள். ரீச்சர் சொன்னார்.

"ஐயோ ரீச்சர், அது உங்கட போனில மட்டுந்தான் அழியும். மத்த எல்லார்ட்டயும் இரிக்கி. உங்களுக்குத்தான் இனித் தெரியாது, அனுப்பின ஆள்தான் அழிக்கணும்."

இருபத்தாறு வருடச் சேவையில் கேதீஸ்வரி ரீச்சர் வேலைநேரத்தில் வெளியே போனதை யாரும் பார்த்ததில்லை. அன்று குறுகிய லீவில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் யார் எடுப்பார்கள், பக்கத்தில் யார் இருப்பார்கள், அது யாருக்குத் தெரியும்? வாவியோர வீதி நெடுகிலும் பின்னால் வந்த ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் றொனால்டாகவே தெரிந்தது. கடலில் இருக்கிறவன் எப்படி வருவான் என்று தன்னைத் தானே ஏசிக்கொண்டு ஓடினார்.

செசீலியா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். விசயத்தைக் கேட்டதும் அழவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, பேசுகிற பட்டன் போனை விட்டு, மகள் பாடம் பதிகிற போனை எடுத்து, மகள் அனுப்பிய பதிவைத் திறந்தாள். அதை யார் யார் கேட்டார்கள் என்பது அனுப்பிய போனில் தெரியும். மூன்று பேர். ஒன்று ரீச்சர். மற்றது இன்னொரு பிள்ளையின் தாய், அவள் வாய் திறக்கமாட்டாள். மூன்றாவது பெயர் வின்சன்ற், வேறொரு பிள்ளையின் தகப்பன்.

"வின்சன்ற்ட அண்ணனும் எங்கட ஆள் போற அதே போட்டுத்தான் ரீச்சர்," என்றாள் செசீலியா. பிறகுதான் எல்லாருக்குமாக அழித்தாள். பதிவு இருந்த இடத்தில், இங்கே ஒரு செய்தி அழிக்கப்பட்டது என்ற வரி மட்டும் மிஞ்சியது. அதை அழிக்க வழியில்லை.

ரீச்சர் குந்தி இருந்துவிட்டார். எல்லாம் என்னால்தான், நான் கேட்டுத்தானே பிள்ளை பதிவு போட்டாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். செசீலியா அலுமாரியிலிருந்து பிள்ளையின் பிறப்பு அத்தாட்சியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"மூணு பேர் கேட்டிரிக்காங்க. நீங்கதானே ரீச்சர் வந்தீங்க."

வியாழன் வரை பொறுக்க ஏலாது என்று அப்போதே முடிவாயிற்று. பதினொரு மணிக்குக் கணிதச் சோதனை முடிந்ததும் டினுஷா பாடசாலைச் சீருடையோடு வாசலில் நின்ற ஓட்டோவில் ஏறினாள். எங்கே போகிறார்கள் என்று ரீச்சர் கேட்கவில்லை. தெரியாததைச் சொல்ல முடியாது அல்லவா, அதற்காகவே கேட்கவில்லை. புதன்கிழமைத் தமிழ்ச் சோதனையில் ஒரு கதிரை காலியாகக் கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்காமலே மேற்பார்வை செய்தார்.

அந்த மூன்று நாளும் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. போன் கிணுங்கினால் நெஞ்சு இடித்தது, கிணுங்காவிட்டாலும் இடித்தது. போர்டைத் துடைக்காமலே தொட்டார், அதைக் கவனித்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளை. எட்டாம் தரம் விடைத்தாள்களை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் நிழல் விழுந்தது. றொனால்ட். குளித்து, வெள்ளைச் சேட் போட்டு, கையில் ஒரு பை. பைக்குள் பாரை மீன். போட் வந்தது, ரீச்சருக்கு ஒன்று கொண்டு வந்தேன் என்று பையை மேசையில் வைத்தான். குரலில் துளி கோபம் இல்லை. இருந்திருந்தால் ரீச்சருக்கு இவ்வளவு பயம் வந்திராது.

"என்ட புள்ள திங்கக்கிழமை என்னமோ அனுப்பி அழிச்சிரிக்கா. என்ன ரீச்சர் அது?"

"பாடம் வாசிச்சது. பிழை இருந்திச்சு. நான்தான் அழிக்கச் சொன்னன்."

"என்ன பிழை?"

"நிறுத்தி வாசிக்கல்ல."

வாழ்நாளில் வகுப்புக்கு முன்னால் அவர் சொன்ன முதல் பொய் அது. றொனால்ட் சிரித்தான். ஆட்கள் வேறு கதை சொல்கிறார்கள் என்றான். பிறகு மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து, அவர்கள் எங்கே என்று கேட்டான். தெரியாது என்றார் ரீச்சர். அது உண்மை. முப்பத்தாறு பேருக்கு ஒன்று குறைந்த வகுப்பு விடைத்தாள்களை விட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மேசையில் கிடந்த போன் நடுங்கியது. திரை வெளிச்சமாயிற்று. முன்பின் தெரியாத நம்பர். கீழே எழுத்து: 'ரீச்சர், நான் டினுஷா. தமிழ்ச் சோதினைக்கு வாசிச்சு அனுப்பட்டா?'

மீன் பைக்கும் றொனால்டின் கைக்கும் நடுவில் கிடந்தது போன். கேதீஸ்வரி ரீச்சர் அதன்மேல் தன் வலது உள்ளங்கையை வைத்தார். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பெரிய வகுப்புப் பிள்ளைக்குச் சொல்கிற குரலில், இது பாடநேரம், அதிபரிடம் போய்ப் பேசுங்கள் என்றார். கைக்குக் கீழே போன் மறுபடி நடுங்கியது, பிறகும் ஒருமுறை நடுங்கியது. அவன் நிமிர்ந்து, வெளியே இறங்கி, மைதானத்தைக் கடந்து வாசலைத் தாண்டும் வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை.