மின்னல் பேனா

பாஞ்சாலையின் மாமனார் காலத்து நுகத்தடி ஒன்று கொட்டகையில் வெடித்துக் கிடந்தது. "அடுப்புக்குத்தான் ஆகும்" என்றான் அவள் கணவன் வளவன். மரத்தில் பேனா கடைந்து விற்கும் அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது.

"மொதல்ல உங்க வாயை அடுப்புல வைக்கணும்."

நுகத்தடியை விரல் நீளத் துண்டுகளாக அறுத்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காத்திருந்தாள். மேலே ஈரம் காய்ந்த பிறகும் வெடிப்பு மட்டும் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. சாவி அராவிக் கொடுக்கும் கடையில் வாங்கிவந்த பித்தளைத் தூளை அதில் திணித்து, பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். இறுகியதும் மெஷினில் ஏற்றிக் கடைந்தால், கருத்த மரத்தில் பொன் மின்னல்!

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் கடை விரித்தாள். மின்னல் பேனாக்கள் பொழுது சாய்வதற்குள் தீர்ந்துபோயின. வெடிப்பில்லாத பேனாக்களை ஒருவரும் சீந்தவில்லை. "மின்னல் போட்டது இல்லீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள்.

மறுநாள் உச்சிவெயிலில் வளவன் மொட்டைமாடியில் குந்தியிருந்தான். எதிரே புத்தம்புது வேப்பங்கட்டைகள்.

"அங்க இன்னா பண்றீங்க?" என்று பாஞ்சாலை கீழேயிருந்து சத்தம் போட்டாள்.

கட்டைகளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கவலையோடு சொன்னான்: "காலையிலேர்ந்து பாக்குறேன், ஒண்ணுகூட வெடிக்க மாட்டேங்குது!"